இடக்கைத் துப்பாக்கி

அக்டோபரில் ஆர்லோ க்ரைடரின் துப்பாக்கி அவன் கையிலேயே வெடித்துச் சிதறியது. குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. கரும் மருந்து போட வேண்டிய குழலில், அலமாரியில் பக்கத்திலேயே இருந்த டப்பாவை எடுத்துப் பல மடங்கு வீரியமான புகையில்லா மருந்தைப் போட்டுவிட்டான். எங்கள் பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்துதான் அது. ஆர்லோவுக்கும் தெரியும். அன்றைக்கு ஏதோ பேசிக்கொண்டே கெட்டித்திருக்கிறான். இடது கையில் மூன்று விரல்களும் இடது கண்ணும் போயின. அவன் மனைவி நெல்டா அப்போது வண்டியின் திறந்த பின்கதவுப் பலகை மேல் குவளையை வைத்துக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் கடைசியில் மான் வேட்டைக் காலம் தொடங்கியபோது அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ஊரே தூரத்திலிருந்தே தெரிகிற ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு காட்டுக்குள் போய்த் திரும்பியது. க்ரைடர் வீட்டில் மட்டும் உறைபெட்டி காலியாகக் கிடந்தது. நெல்டாவை அரித்தது இறைச்சி இல்லாதது அல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஆர்லோ வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை. டீவி எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தால் இருட்டும்வரை அங்கேயே கிடந்தான். டீவியை அவன் பார்ப்பதாகவும் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவள் சொன்னாள். "நான் மானுக்குப் போறேன். நீயும் கூட வா."

"இப்ப என்ன மானு? சீசன் முடிஞ்சு போச்சு."

"கல்லுத் துப்பாக்கி சீசன் இருக்குல்ல."

கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் சில வாரங்களில் சிக்கிமுக்கிக் கல் பொறியால் சுடும் பழைய பாணித் துப்பாக்கிக்கு மட்டும்தான் அனுமதி. ஆர்லோ அவளை ஒற்றைக் கண்ணால் பார்த்தான். "உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு" என்றாள் நெல்டா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பனிக்காலத்தில் வழுக்கும் மலைச்சாலையில் முப்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்குகிறவள். அந்த அக்டோபர் காலைக்குப் பிறகு கதவு அறைந்து சாத்தினாலே முகத்தை மூடிக்கொண்டாள்.

டெல்மர் ஷூப்பின் துப்பாக்கிக் கடைக்குப் போனபோது ஆர்லோ வண்டியிலேயே இருந்துகொண்டான். "நீ போய்ப் பாரு. எனக்குக் குளிருது" என்றான். அவளும் ஹீட்டரை ஓடவிட்டு இறங்கினாள்.

டெல்மர் வரிசையாக எடுத்து வைத்தார். முதலில் வந்தது, வரிவரியாக மின்னும் மேப்பிள் கட்டை போட்ட நீளத் துப்பாக்கி. கண்ணைப் பறிக்கிற அழகு. நெல்டா அதை இடது தோளில் வைத்தாள்.

"அட, நீ இடக்கையா!" என்று டெல்மர் பாய்ந்து வாங்கிக்கொண்டார். "இதுல பொறி விழுந்து பத்திக்கிற மருந்துக் கிண்ணி வலப்பக்கம் இருக்கும்மா. நீ கன்னம் வைக்கிறதும் அதே பக்கம். சுட்டா தீ நேரா மூஞ்சிக்குத்தான் வரும். அப்புறம் புருவத்தைப் பென்சிலாலதான் வரைஞ்சுக்கணும்."

சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்தது. சன்னலுக்கு வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார். "மன்னிச்சுக்கம்மா. வாய் கழுதை."

"பரவாயில்ல. இடக்கைக்கு எதுவும் இருக்கா?"

இருந்தது ஒன்றே ஒன்று. கட்டையும் குட்டையுமாக, அலங்காரம் எதுவும் இல்லாமல், கல்லும் கிண்ணியும் இடப்பக்கம் வைத்துச் செய்தது. "வாலஸ் கீஃபரோடது. கோடையில போய்ச் சேர்ந்தாரே, அவரு. போன வாரம் அவரு மக கொண்டாந்து குடுத்தா. வித்துக் குடுங்கன்னா."

தோளில் வைத்ததும் அவளுக்காகவே அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. கன்னம் தானாகக் கட்டையில் போய் உட்கார்ந்தது. நீளத் துப்பாக்கி போல முன்பக்கம் தொங்கவில்லை. 

"கல்லு மாட்டின குதிரையைப் பின்னால ஏத்தி ஒரு தடவை தட்டிப் பாரேன். பொறி எப்படிக் கொட்டுதுன்னு தெரியும்" என்றார் டெல்மர்.

அவள் குதிரையை ஏற்றினாள். சன்னல் வழியாகத் தெரு முனையிலிருந்த தீவனக் கடைப் பலகையைக் குறி பார்த்தாள். விசையில் விரலை வைக்கும்போது குழல் கொஞ்சம் தாழ்ந்தது. முன்குறியின் மேல் ஓரத்தில் பனி படிந்த வண்டிக் கண்ணாடியும், அதற்குப் பின்னால் ஒரு தொப்பியும், தொப்பிக்குக் கீழே ஒரு கறுப்புக் கண்பட்டையும் தெரிந்தன.

ஆர்லோ.

விரல் விறைத்துப் போனது. குழலைத் தரையைப் பார்க்கத் திருப்பி, கட்டைவிரலால் குதிரையைப் பிடித்து மெல்ல இறக்கினாள். காலித் துப்பாக்கிதான், காலித் துப்பாக்கிதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நெஞ்சு கேட்கவில்லை.

"டெல்மர், இதுக்குள்ள கோல் விட்டுப் பாத்தீங்களா?"

"காலிதான்னு அவரு மக சொன்னா."

"நீங்க பாத்தீங்களா?"

அவர் குழலுக்கடியில் செருகியிருந்த, மருந்து கெட்டிக்கிற கோலை உருவிக் குழலுக்குள் விட்டார். அது போய் நின்ற இடத்தில், குழல் வாயருகே கோலில் கட்டைவிரலை வைத்தார். பிறகு வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். காலிக் குழல் என்றால் கோலின் நுனி, கிண்ணியிலிருந்து தீ உள்ளே போகும் தீத்துளை வரைக்கும் எட்ட வேண்டும். நாலு விரற்கடைக்கு முன்னாலேயே நின்றிருந்தது.

மருந்தும் குண்டும் உள்ளே இருந்தன. செத்துப்போன வாலஸ் என்றைக்கோ கெட்டித்து வைத்தது.

டெல்மரின் முகத்தில் ரத்தமே இல்லை. "காலையிலேர்ந்து மூணு பேருக்கு எடுத்துக் காட்டிட்டேன்" என்றார்.   நெல்டா பக்கத்திலிருந்த முக்காலி மேல் அப்படியே உட்கார்ந்தாள். கிண்ணியில் மருந்து இல்லாவிட்டாலும் ஒரே ஒரு பொறி துளைக்குள் போனால் போதும். அந்த ஒரு பொறியைத்தான் அவள் தட்டிப் பார்க்க இருந்தாள்.

எழுந்து வண்டிக்குப் போய்க் கதவைத் திறந்தாள்.

"என்ன, பேயைப் பாத்த மாதிரி வர்ற?"

"உன்னைக் குறி பாத்துட்டேன், ஆர்லோ. கெட்டிச்ச துப்பாக்கி. எனக்குத் தெரியாது. விசையில விரல் வெச்சுட்டேன்."

"சோறாக்கித் தரலேன்னு இவ்வளவு கோவமா?" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.  கட்டுப்போட்ட கையை மறு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"வா, வீட்டுக்குப் போயிரலாம்" என்றாள்.

அவன் கடை வாசலையே பார்த்தான். "துப்பாக்கி தோளுக்குப் பொருந்துச்சா?"

"பொருந்துச்சு. அதுக்கு என்ன இப்ப?"

"வேற இடக்கை இருக்கா அவருகிட்ட?"

"இல்ல."

ஆர்லோ தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கினான். கடைக்குள் போய், "வெந்நீர் இருக்கா டெல்மர்?" என்று கேட்டான். மூன்று பேரும் துப்பாக்கியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். குழல் வாய்ப்பக்கம் யாரும் நிற்காமல், கல்லைக் கழற்றிவிட்டு, தீத்துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக நீர் விட்டு மருந்தை ஊறவைத்தார்கள். பிறகு கோலின் முனையில் குண்டைப் பிடுங்கும் திருகு மாட்டி, நெல்டா இரண்டு கையாலும் ஆர்லோ ஒரு கையாலும் இழுத்தார்கள். ஈயக் குண்டு பிடுங்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே கறுப்புக் கூழாக மருந்து வழிந்தது. அதன் கந்தக நாற்றம் பட்டதும் ஆர்லோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்தத் துப்பாக்கியைத்தான் அவர்கள் வாங்கினார்கள்.

வீட்டுக்குப் பின்னால் நெல்டா சுட்டுப் பழகினாள். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டாள். குண்டுகள் மரப்பலகையில் கண்டபடி போய்ப் பதிந்தன. கரும் மருந்து டப்பாவைத் தவிர மற்ற எல்லா வெடிமருந்தையும் வீட்டைவிட்டே அனுப்பிவிட்டாள். அப்படியும் ஒவ்வொரு முறையும் கெட்டிப்பதற்கு முன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். ஆர்லோ தூரத்தில் வண்டிக்குப் பின்னால் நின்று, "கன்னத்தைத் தூக்காத" என்று கத்துவான். கிட்ட வா என்றால் குளிர்காற்று என்பான்.

ஜனவரியில் ஒரு காலை பனி கணுக்காலளவு கிடந்தது. ஓடையை ஒட்டிய ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஆர்லோ அவள் முதுகுக்குப் பின்னால், அடிமரத்தில் சாய்ந்துகொண்டான். வெகுநேரத்துக்குப் பிறகு புதருக்குள்ளிருந்து ஒரு பெட்டைமான் வந்தது. பனியை முன்காலால் கிளறிக் கிளறி அடியிலிருந்த புல்லைத் தின்றது.

நெல்டா குதிரையை ஏற்றிக் குறி பார்த்தாள். கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு விசையை அழுத்தினாள்.

கிண்ணி மட்டும் புஸ்ஸென்று எரிந்து அடங்கியது. குழல் வெடிக்கவில்லை.

அதுதான் மோசமான நேரம். உள்ளே நெருப்பு ஊர்ந்துகொண்டிருக்கலாம். எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். துப்பாக்கியை இறக்கவும் கூடாது, திருப்பவும் கூடாது. மான் தலையை நிமிர்த்திக் காலால் தரையைத் தட்டியது. குழலுக்குள் இருப்பது கரும் மருந்துதானா என்ற சந்தேகம் நெல்டாவைப் பிடித்துக்கொண்டது. தானே முகர்ந்து, தானே அளந்து போட்டதுதான். ஆனால் அந்தக் கணத்தில் அவளால் அதை நம்ப முடியவில்லை. உலோகத் துண்டுகள் முகத்துக்கு வருவதை எதிர்பார்த்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஆர்லோவின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. போதுமான நேரம் ஆனபின் தீத்துளையை ஊசியால் குத்தி அடைப்பை எடுத்து, கிண்ணியில் மறுபடி மருந்து வைத்தாள். மான் இன்னும் போகவில்லை. பக்கவாட்டில் திரும்பி நின்றது. சுட்டாள்.

மலை அதிர்ந்தது. வெள்ளைப் புகை எதிரே எல்லாவற்றையும் மூடியது. அந்தப் புகைக்குள் ஒரு அலறல் கேட்டது. மான்தான் கத்துகிறது என்று முதலில் நினைத்தாள். சத்தம் பின்னாலிருந்து வந்தது.

ஆர்லோ பனியில் குப்புறச் சுருண்டு கிடந்தான். இரண்டு கையாலும் தலையை மூடியிருந்தான். "நெல்டா! நெல்டா! கண்ணு இருக்கா உனக்கு? கண்ணு இருக்கா?"

துப்பாக்கியைப் போட்டுவிட்டு அவனைப் புரட்டினாள். "இருக்கு. ரெண்டும் இருக்கு. இங்க பாரு." கையுறைகளைக் கழற்றி எறிந்து பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். அவன் நம்பவில்லை. மிச்சமிருந்த விரல்களால் அவள் இமைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். ஆஸ்பத்திரியில்கூட அழாதவன்.

"நீ பயப்படுற, உனக்குத் தைரியம் சொல்லணும்னுதான் வந்தேன்" என்றான் கடைசியில். "உனக்குப் பயம். எனக்கு அதைவிடப் பயம். அன்னைக்கு மொதல்ல கடைக்குள்ள வராததும் அதனாலதான். குளிராவது மண்ணாவது."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே, மடையா."

"சொன்னா நீ வந்திருக்க மாட்டியே."

மானைப் பற்றி இருவருக்கும் நினைவே இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போன பிறகுதான் எழுந்து தேடினார்கள். பனியில் ரத்தம் புள்ளி புள்ளியாக ஓடை வரைக்கும் போயிருந்தது. அங்கே ஓடைக்கரைக் கல்லின் மேல் தலை வைத்து, தூங்குவது போல மான் கிடந்தது. ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். மேட்டில் நாலெட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார்கள்.

"இனிமே நான் பின்னால உக்காரல" என்றான் ஆர்லோ. "ரோட்டுல வண்டியிலயே இருக்கேன்."

"இரு."

"சத்தம் கேட்டா ஹாரன் அடிப்பேன். நீ ஒரு குரல் குடுக்கணும். குடுக்கலேன்னா ஓடி வந்துருவேன்."

இப்போதும் அப்படித்தான். எங்கள் வீடு அந்த மலைக்கு எதிர்ச்சரிவில் இருக்கிறது. ஜனவரிக் காலைகளில் வெடிச்சத்தம் கேட்கும். உடனே கீழே சாலையில் ஹாரன் ஒலிக்கும். நானும் அடுப்படியில் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு நிற்பேன், மரங்களுக்குள்ளிருந்து நெல்டாவின் குரல் வரும்வரைக்கும்.