அக்கா வீட்டுச் சமையலறையில் ஆற்றின் எல்லை

நில அளவைக்காரி வரைபடத்தில் வெள்ளக் கோட்டைப் போட்டு முடித்த அன்று, வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லாத பளீர் வெயிலில், ஆறு கரையேறி வந்து அந்தக் கோடு வரைக்கும் கணுக்கால் ஆழத்தில் நின்றது. யாரும் ஓடவில்லை. இத்தனை காலமும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சட்டி பானையை வாரிக்கொண்டு போன ஆறு, முதல்முறையாக மரியாதையாக வந்து தன் எல்லையைக் காட்டியதில் ஊருக்கே தலைகால் புரியவில்லை. முடிதிருத்தும் கடையில் ஒரு நாற்காலி தண்ணீரிலும் இன்னொன்று தரையிலும் இருந்தன. வெயில் காலமல்லவா, தண்ணீர் நாற்காலிக்குத்தான் அடிதடி. தபால்காரர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடிதம் கொடுத்தார். இரண்டொரு நாளில் அதுவும் பழகிப்போயிற்று.

பெரிய நகரங்களுக்கெல்லாம் வெள்ள வரைபடம் எந்தக் காலத்திலோ வந்துவிட்டது. நூறு கூரைகூடத் தேறாத இந்த ஊரை யார் சீந்தினார்கள்? ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மேட்டில் மனை கேட்டுப் போனால், உங்கள் ஊரில் வெள்ளம் வருவதாக எங்களிடம் வரைபடம் இல்லையே என்று தலைமை அலுவலகம் கூசாமல் சொல்லும். பாசி பிடித்த சட்டையோடு நின்று அதைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. அதனால்தான் இதே ஊரில் பிறந்த அளவைக்காரி அடம்பிடித்து இந்த வேலையை வாங்கிக்கொண்டு வந்தாள். போன தடவை எதுவரைக்கும் வந்தது என்று வீடுவீடாகக் கேட்டாள். ஒருவர் முழங்காலைக் காட்டினார், ஒருவர் மூக்கைக் காட்டினார், ஒருத்தி மாமியாரின் கழுத்தைக் காட்டினாள். ஆளுக்கு ஆள் உயரம் வேறாயிற்றே! அவள் சுவரில் படிந்த கறையை மட்டும்தான் நம்பினாள். வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டால் கோட்டுக்குள் இருப்பவர்களுக்கு மேட்டில் மனை உண்டு. ஆனால் கோட்டுக்குள் அதன் பிறகு ஒரு செங்கல்லும் வைக்க முடியாது.

வினை அங்கேதான் இருந்தது. கோடு அவளுடைய அக்காவின் சமையலறைக்குள் புகுந்து போனது. அக்காவும் அத்தானும் அந்த வீட்டிலேயே ரொட்டிக்கடை வைத்திருந்தார்கள். கடை நாற்சந்தியில், வியாபாரம் ஓஹோ. இரண்டாவது அடுப்பு கட்டச் செங்கல்லும் இறக்கியாயிற்று. இப்போது பாதிச் சமையலறையில் அக்கா நின்றாள், மீதிப் பாதியில் ஆறு நின்றது. அடுப்பு இருந்தது ஆற்றின் பங்கில்.

"ஏண்டி, ஊர்ல இத்தனை வீடு இருக்கு, உன் கோட்டுக்கு என் அடுப்புதான் கெடச்சுதா?"

"நானா போடுறேன்க்கா? செவுத்துல கறை இருக்குல்ல."

"அது மேல வெள்ளையடிச்சு எத்தனை வருஷமாச்சு! சுரண்டிப் பாத்தியாக்கும்?"

"பாத்தேன்."

"அப்ப சரி. இனிமே என் மூஞ்சில முழிக்காத."

அம்மா போன பிறகு அவளைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அந்த அக்காதான். இருவரும் ஒரே தெருவில் எதிரெதிரே வந்தால் அக்கா கடைப்பலகையைப் பார்த்தாள். அளவைக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே, அந்தத் தசை ஆடிவிட்டது. ஒப்புதல் கூட்டத்துக்கு முந்தின நாள் ரப்பரை எடுத்து, கோட்டை ஒரே ஒரு நகத்தின் அகலம் நகர்த்தினாள்.

வரைபடத்தில் நகம் என்றால் தரையில் ஒரு முழு வீடு. அக்காவின் சமையலறை அந்த நொடியே காய்ந்தது, அடுப்பு பற்றிக்கொண்டது, அத்தான் துள்ளிக் குதித்தார். விரட்டிய தண்ணீர் சும்மா போகுமா? இங்கே அமுக்கினால் அங்கே புடைக்கும். எதிர்வீட்டுத் தையல்காரர் வீட்டுக்குள் புகுந்தது. அந்த வீட்டில் ஒருகாலத்திலும் கால் நனைந்ததில்லை. பிறந்து சில வாரமே ஆன குழந்தையோடு மரத்தொட்டில் தரையை விட்டுக் கிளம்பி, அறையைச் சுற்றி மெல்ல மிதந்தது. குழந்தை சிரித்தது. தையல்காரர் மனைவி போட்ட கூச்சல் நாற்சந்தி வரைக்கும் கேட்டது. முதலில் ஓடிப்போய்த் தொட்டிலைப் பிடித்தவள் அக்கா.

மறுநாள் பள்ளிக்கூட மண்டபத்தில் ஊரே கூடிவிட்டது. தலைமை அலுவலகத்து அதிகாரி முத்திரையை ஓங்கினார்.

"ஐயா, இருங்க!" என்று எழுந்தாள் அளவைக்காரி. உண்மையைச் சொன்னால் அக்காவின் வீடு போகும். சொல்லாவிட்டால் தையல்காரர் வீடு போகும். முத்திரை விழுந்துவிட்டால் பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது.

"அந்தக் கோடு எனக்காக நகர்த்துனது" என்றாள் அக்கா, பின்வரிசையிலிருந்து. "பழைய எடத்துலயே போடச் சொல்லுங்க. பச்சைக்குழந்தைய மெதக்க விட்டுட்டு நான் ரொட்டி சுட மாட்டேன்."

அதை அவள் அதிகாரியிடம்தான் சொன்னாள், தங்கையின் பக்கம் திரும்பவில்லை. அளவைக்காரி எல்லார் கண்ணெதிரிலும் கோட்டைத் திரும்பப் போட்டாள். வெளியே சலசலவென்று ஆறு தெருவைக் கடக்கும் சத்தம் கேட்டது. கூட்டம் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்குப் பாய்ந்தது. அதிகாரி தலையைக்கூடத் தூக்கவில்லை. மற்ற ஊர்களிலும் இப்படித்தான் என்றார். முத்திரை விழுந்ததும், வந்த வேலை முடிந்தது என்று ஆறு தன் படுகைக்குத் திரும்பிவிட்டது.

மேட்டில் வீடுகள் எழும்பின, அக்காவின் அடுப்பும் எழும்பியது. அந்த வருஷ மழைக்காலத்தில் நிஜ வெள்ளம் வந்தது. ஊரே குடையும் சாக்குமாகக் கோட்டின் ஓரம் வரிசைகட்டி நின்றது. அளவைக்காரி கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு சாண் தாண்டினாலும் தையல்காரர் வீடு போச்சு, அக்கா கொடுத்ததும் வீணாய்ப் போச்சு. மரங்களை உருட்டிக்கொண்டு, செக்கச்செவேலென்று, இரைந்துகொண்டு வந்தது ஆறு. ரொட்டிக்கடைக் கதவைப் பிய்த்தது, பழைய அடுப்பை முழுங்கியது, கோட்டுக்கு வந்தது, எல்லார் கால்விரல்களையும் தொட்டது, நின்றது. ஊர் போட்ட சத்தத்தில் ஆற்றின் இரைச்சலே அடங்கிவிட்டது! இப்போதும் மழைக்காலந்தோறும் அங்கேதான் வந்து நிற்கிறது, யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

அன்று அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு ஈரக் கை அளவைக்காரியின் மணிக்கட்டைப் பிடித்தது. அக்காவின் கண் தன் வீடு இருந்த இடத்திலேயே இருந்தது.

"சரியாத்தாண்டி போட்டிருக்க" என்றாள். "வா, வந்து சாப்பிடு."