அன்பரசி வாங்கிய கூலர்

பக்கத்து வீட்டு அன்பரசியைப் பற்றி நான் நல்லதாகச் சொல்லப்போகிறேன் என்றால் புக்கிட் பெலிம்பிங்கில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேருக்கு நானே சொல்லியாயிற்று.

தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு அவள் கதை வாசிக்கக் கிளம்பியிருந்தாள். மைக் முன்னால் உட்கார்ந்து வாசித்து, கோலாலம்பூரில் ஒலிப்புத்தகம் போடும் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். பதிவு செய்யும் கணினியும் அவளே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியதுதான். மாதிரி வாசிப்பு இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. குரல் அருமையாம், பின்னால் ஏதோ இரைகிறதாம். மூன்றாவது, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போக வேண்டும். அதுவும் இரைந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

இரைந்தது பிராசசரின் கூலர். பிராசசர் கணினியின் மூளை. வேலை செய்தால் சூடேறும். சூட்டை இறக்க அதன் தலையில் உட்கார்ந்திருந்த சின்னக் காற்றாடி, மேடேறும் மோட்டார் சைக்கிள் மாதிரி கத்தியது.

கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் நான் போனபோது (என் வீட்டில் மரமே நிற்கிறது, அது வேறு விஷயம்) அவளுக்கும் லோரி ஓட்டும் அவள் புருஷன் சுகுமாறனுக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"தண்ணி ஓடுற கூலரா வாங்கு அன்பு. கலர் கலரா லைட்டு எரியும், சும்மா ஜோரா இருக்கும்லா."

"மைக்குக்குக் கண்ணா இருக்கு? தண்ணிய ஓட்ட பம்பு வேணும். அந்தப் பம்பும் சத்தம் போடும்."

"அப்ப சின்னதா ஒண்ணு வாங்கு. சின்னதுக்கு எவ்வளவு சத்தம் வந்துரப் போகுது?"

"சின்னது வேகமா சுத்தணுங்க, அதான் கத்துது. பெருசு மெதுவா சுத்துனாலே போதும். நம்ம ஹாலு காத்தாடி ஒண்ணாம் நம்பர்ல ஓடுறப்ப சத்தமா கேக்குது?"

சுகுமாறன் அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கேட்கவில்லைதான்.

பிறகு பள்ளிக்கூட அடிக்கோலைக் கணினிப் பெட்டிக்குள் விட்டு அளந்தாள். நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர் இடம். அவள் குறித்து வைத்திருந்த கூலரின் உயரம் நூற்று ஐம்பத்தெட்டு. கடைக்காரர் பேச்சை நம்பாமல், வாங்கியவர்கள் எழுதியதை மூன்று நாள் படித்துத் தேர்ந்தெடுத்ததாம். என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நான் இவ்வளவு விசாரிக்கவில்லை. விசாரிப்பதில் எனக்குப் பெயர் உண்டு.

சனிக்கிழமை காலை பார்சல் வந்தது; பின்னாலேயே நானும் போய்ச் சேர்ந்தேன். செங்கல் கனத்துக்கு அலுமினியத் தகடுகள், பக்கத்தில் கையகலக் காற்றாடி. பிராசசர் மேல் அவள் சூட்டைக் கடத்தும் பசையைப் பட்டாணி அளவு வைத்தாள், சுகுமாறன் கூலரை எடுத்து அதன்மேல் வைத்துப் பிடித்தார், அவள் திருகினாள். சுவிட்சைத் தட்டினால், புதியது பழையதற்கு அக்கா மாதிரி கத்தியது. ஐந்து நிமிடத்தில் கணினி தானாகவே அணைந்துவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன், தண்ணி கூலரு..."

மணி பன்னிரண்டு. வேறொருத்தி அழுதிருப்பாள், நானாக இருந்தால் புருஷனை வைதிருப்பேன். அன்பரசி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"காத்தாடி நல்லாத்தான் சுத்துது. சூடுதான் கூலருக்கு ஏறி வரல. நடுவுல என்னமோ தடுக்குது."

எல்லாவற்றையும் கழற்றிக் கூலரைக் கவிழ்த்தாள். அடியில் கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் தாள். பூட்டும் முன் உரிக்கவும் என்று அதிலேயே எழுதியிருந்தது.

"என்னங்க, இத உரிக்கலையா?"

"புது சாமான்லா அன்பு! உரிச்சா கீறல் விழுந்துராதா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் தாமான் குடியிருப்பில் யார் வீட்டில்தான் உரிக்கிறோம்? அவர்கள் சோபா இரண்டு வருடமாகப் பிளாஸ்டிக்கோடு கிடக்கிறது; உட்கார்ந்து எழுந்தால் முதுகு கூடவே வராது. என் கார் இருக்கையும் அப்படியே. அவர் உரிக்காமல் வைத்ததை நானும் பார்த்தேன். பொறுப்பான மனுஷன் என்றுகூட நினைத்தேன். அதை அங்கே சொல்லவில்லை.

அன்பரசி வாய்விட்டுச் சிரித்தாள். உரித்தாள், துடைத்தாள், புதிதாகப் பசை வைத்துப் பூட்டினாள். சுவிட்சைத் தட்டினாள். நான் பெட்டியருகே காதை வைத்தேன்.

"ஓடுதாடி?"

"ஓடுதுக்கா."

திரையில் எழுத்து வந்த பிறகுதான் நம்பினேன்.

"அக்கா, இன்னும் மூணு மணி நேரத்துக்கு நீங்க பேசாம இருக்கணும்."

"நான் எப்ப பேசுனேன்?"

சுகுமாறன் தொண்டையைச் செருமிக்கொண்டார். நாங்கள் இருவரும் வாசலில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாலே முக்காலுக்கு அனுப்பிவிட்டு வெளியே வந்தாள்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. பன்னிரண்டு கதைகள் அவளுக்கே. கீழே ஒரு கேள்வி: எந்த ஸ்டூடியோவில் பதிவு செய்தீர்கள்?

"கே.எல்.ல பெரிய ஸ்டூடியோன்னு போடு அன்பு," என்றார் சுகுமாறன். நானும் அதைத்தான் சொன்னேன்.

அவள் எழுதி அனுப்பியது: "என் வீட்டுப் பின்னறையில், நானே பூட்டிய கணினியில்."