ஒப்பிக்காத பாடம்

அஜிததாஸ் எழுந்தான். பல் துலக்கினான். கிணற்றில் சேந்திய தண்ணீரைக் குடத்தின் வாயில் கட்டிய வெள்ளைத் துணியில் ஊற்றி வடித்தான். சொம்பில் மொண்டு, "மலாயி பானி தினுஸ்" என்றான். கொடுக்க ஆள் இல்லை. குடித்தான்.

எனக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று நேபாளியில் கேட்டால்தான் கிடைக்கும் என்பது மனைவி ஜெயந்தி போட்ட சட்டம். நேபாளத்தில் கணக்கு வாத்தியார் வேலைக்கு அவன் மனுப்போட்ட நாளில் போட்டது. சோறு, உப்பு, சட்டை எதற்கும் அதே விதி. அவன் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்த பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒப்பிக்கச் சொல்வாள். அவள் போய் நாலு மாதம் ஆகிறது. சட்டம் போகவில்லை.

மொழி அவனை மிரட்டவில்லை. வினைச்சொல் தமிழில் போலவே கடைசியில் வந்து உட்கார்ந்தது. 'கர்' வீடு, 'கர்மா' வீட்டில். உருபு பெயருக்குப் பின்னால்தான். நீ, நீர், நீங்கள் என்று மரியாதையிலும் நம்மைப் போல மூன்று படி. பி.ஏ.வரை படித்த இங்கிலீஷைவிட இதுதான் கிட்டத்து உறவு. போய் இறங்கினால் பேசிவிடுவான்.

காலை பஸ்ஸில் மேல்சித்தாமூரிலிருந்து மாமியார் மருதேவி வந்து இறங்கினாள்.

"உத்தரவு வந்துட்டுதாமே, மாப்ள?"

"வந்துட்டுது, அத்தை. வெள்ளிக்கிழமை கெளம்பறேன்."

"அங்க கறி திங்கறவங்க ஊராச்சே. யாரு பொங்கிப் போடுவா?"

"நான்தான்."

"நீங்களா? நீங்க வெச்ச ரசத்த மாடே மோந்து பாத்துட்டுப் போயிட்டுது." கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "லீலாவதியக் கட்டிக்குங்க. உங்க மாமா மண்டியப் பாத்துக்கினு இங்கயே இருங்க. தங்கச்சியக் கட்டி வைன்னு ஜெயந்தியே சொன்னா. போறவ சொன்ன கடைசி வார்த்த. அத மீறலாமா?"

மீறக் கூடாது. அதில் அவனுக்கும் வேறு கருத்து இல்லை.

"எப்ப சொன்னா?"

"அன்னிக்கி மத்தியானம். என் கையப் புடிச்சிக்கினு."

"அப்பறம் காய்ச்சல் எறங்கிட்டுதுன்னு நீங்க ஊருக்குப் போயிட்டீங்க. சாயங்காலம் நான்தான் கூட இருந்தேன்."

மருதேவி அவனைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவன் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை.

"அப்ப இன்னா சொன்னா?"

அன்று அவன் எதுவும் சாப்பிடாமல் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தான். ராஜகிரி மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வைத்தபின் அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை; ஜைனர் வீடு. அவள் சொன்னாள், அவன் எழுந்து போனான். கை கழுவிவிட்டுத் திரும்பியபோது அவள் உயிர் போயிருந்தது.

அவள் சொன்னதை அஜிததாஸ் அப்படியே சொன்னான்.

"பொழுது போவுது, போய் சாப்டுட்டு வாங்க. வந்து மூணாம் பாடம் ஒப்பிக்கணும்."