கவிழ்த்துப் பிடித்த குழந்தை

அவளுக்கு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் வேலை. பகலெல்லாம் ஊரார் எலும்பைப் பார்த்துப் பழகிய கண், வீட்டுக்கு வந்து காமிக்ஸைத் திறந்தாலும் அங்கேதான் போகும். பறக்கிற வீரனின் தோள்பட்டை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வாள் பிடித்த கையில் கட்டைவிரல் எங்கே என்று தேடுவாள். மாயாஜாலக் கதை, விஞ்ஞானக் கதை எதையும் விட்டுவைக்க மாட்டாள். படித்து முடித்த கையோடு இணையத்தில் தன் பக்கத்தில் கருத்தை எழுதிப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் கால் ஓரிடத்தில் நிற்காது. 'மந்திரம் சொன்னால் மலை நகர்கிறது, சரி. சொன்னவனுக்குக் கொஞ்சம் மூச்சாவது வாங்க வேண்டாமா?' 'ஆறு மாதம் விண்கலத்தில் போகிறார்கள், ஒருத்தராவது கக்கூஸ் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.' இந்த ரீதியில் எழுதுவாள். வாசகர்கள் அவளுக்கு 'எலும்பெண்ணி' என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். அதில் உள்ளூரப் பெருமைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்திருந்தாள். கணவனின் தங்கை. கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். இவளுடைய நாலு வயதுப் பாப்பாவோடு விளையாடிவிட்டுக் கிளம்பும்போது மெல்லிய காமிக்ஸ் ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"ஆபீஸ்ல ஒருத்தர் குடுத்தாங்க அண்ணி. படிச்சிட்டு எப்பவும் போல எழுதுங்க."

அட்டையில் வரைந்தவர் பெயர் என்று இரண்டு எழுத்துதான் இருந்தது. உடைந்துபோன விண்கலத்தில் உயிர் தப்பிய பெண் மெக்கானிக் ஒருத்தி, இறந்துபோன தோழியின் கைக்குழந்தையோடு கலத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகிற கதை. பத்துப் பக்கம் ஒரே மூச்சில் ஓடியது. பதினொன்றாம் பக்கத்தில் அவளுக்கு எரிச்சல் வந்தது. மெக்கானிக் குழந்தையை முன்கையின்மேல் குப்புறப் போட்டுக்கொண்டு நடக்கிறாள். குழந்தையின் கன்னம் முழங்கை மடிப்பில் கிடக்க, கைகால்கள் இருபுறமும் தொங்குகின்றன. ஒன்பது பக்கத்துக்கு இதே கோலம்.

அன்றைக்கே எழுதிவிட்டாள். காற்றே இல்லாத அறையில் கதவு படாரென்று சாத்துகிற சத்தம் எப்படிக் கேட்டது என்று கேட்டாள். முடிவில் ஏன் இந்த அவசரம் என்றாள். கடைசியில், 'குழந்தையைத் துவைத்த துணி மாதிரி கையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இதை வரைந்தவர் வாழ்நாளில் ஒரு குழந்தையைத் தூக்கியதே இல்லை' என்று முடித்தாள். அந்த வரிக்குத்தான் கைதட்டல் அதிகம். அவளே அதை மூன்று தடவை படித்துச் சிரித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு நாத்தனார் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. போனை எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் 'வேலை' என்று ஒற்றை வார்த்தை வந்தது.

"உங்க தங்கச்சிக்கு என்ன ஆச்சு?" என்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவனைக் கேட்டாள்.

அவன் தலையை நிமிர்த்தாமல், "அது அவ புத்தகம்," என்றான்.

"எது?"

"நீ கிழிச்சியே, அதுதான். மூணு வருஷமா யாருக்கும் தெரியாம வரைஞ்சிருக்கா. எனக்கே போன வாரம்தான் சொன்னா. உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னா."

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலையில் ஒருவரின் வலது மணிக்கட்டை எக்ஸ்ரே தட்டில் வைத்துவிட்டு, பக்கத்தில் இடது என்று காட்டும் அடையாள எழுத்தை வைத்தாள். "ஏம்மா, அது இடதுன்னா இது என்ன?" என்று அவர் மறுகையைக் காட்டிச் சிரித்த பிறகுதான் மாற்றி வைத்தாள். வேலை முடிந்ததும் நாத்தனாரின் தெருவுக்குப் போனாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். தெருமுனை மருந்துக்கடையில் வேண்டாத தலைவலி மாத்திரை ஒன்றை வாங்கிக்கொண்டு மறுபடியும் வந்து படியேறினாள்.

"உட்காருங்க அண்ணி," என்றாள் நாத்தனார். இவளால் உட்கார முடியவில்லை.

"நீ வரைஞ்சதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நல்லாருக்குன்னு எழுதியிருப்பீங்க."

"நானா? எழுதியிருக்க மாட்டேன்."

"அதுவும் சரிதான்." நாத்தனார் மேசையில் கிடந்த பென்சில்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டாள். "கதவுச் சத்தம் தப்பு, ஒத்துக்கிறேன். முடிவு அவசரம், அதுவும் நிஜம். ஆனா அந்தக் குழந்தை..."

கொடியில் கிடந்த துண்டை உருட்டித் தன் முன்கையின்மேல் கவிழ்த்துப் போட்டுக்கொண்டாள்.

"பாப்பா பொறந்ததும் நீங்க நாப்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தீங்கல்ல? சாயங்காலமானா வயித்து வலியில வீல்வீல்னு கத்துவா. மடியில படுக்க மாட்டா, தோள்ல தங்க மாட்டா. ஒரு நர்ஸம்மாதான் சொன்னாங்க, வயிறு கையில அழுந்துற மாதிரி குப்புறப் போடுங்கன்னு. இப்படிப் போட்டுக்கிட்டு உங்க வீட்டு வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துக்கிட்டே இருப்பேன். கன்னம் இங்க இருக்கும். நிறுத்தினா முழிச்சிக்குவா." துண்டைக் கீழே போட்டாள். "நான் குழந்தையே தூக்கினதில்ல!"

அந்த நாற்பது நாளில் இவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக் கூரையும் காய்ச்சலும்தான். வீட்டுக்கு வந்தபோது குழந்தை சமர்த்தாகத் தூங்கியது. பிறவியிலேயே சமர்த்து என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நாத்தனாரிடம் ஒரு தடவை 'ரொம்ப உதவிம்மா' என்றதோடு சரி. நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட, எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டதில்லை.

போனை எடுத்து, "எல்லாத்தையும் அழிச்சிடறேன்," என்றாள்.

"முழுசா அழிக்காதீங்க. மத்தது இருக்கட்டும், அது புத்தகத்தைப் பத்தினது. அந்த ஒரு வரி என்னைப் பத்தினது."

நின்றபடியே திருத்தினாள். 'அந்த வரி தவறு. குழந்தையை அப்படித் தூக்குவதுண்டு. எனக்குத்தான் தெரியவில்லை.' யாருடைய குழந்தை என்று எழுதப் போனவளை நாத்தனார் தடுத்தாள். "அது நம்ம வீட்டு விஷயம்."

கொஞ்ச நேரத்துக்குள், 'எலும்பெண்ணியும் பல்டி அடிச்சாச்சா?' என்று யாரோ கேட்டிருந்தார்கள். பதில் கொடுக்கக் கை பரபரத்தது. போனைப் பைக்குள் திணித்தாள்.

"முடிவை மட்டும் ஏன் அப்படி ஒரே பக்கத்துல முடிச்சே?"

"குழந்தையைக் கீழ இறக்கிவிடற மாதிரி வரையணும். கை வரல. சட்டுனு முடிச்சிட்டேன்."

"அது உன் காரணம். படிக்கிறவங்களுக்கு அது..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தெரியும் அண்ணி," என்றாள் நாத்தனார். கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. "ரெண்டாம் பாகம் வரையறேன். இந்தத் தடவை உங்க கையில குடுக்க மாட்டேன். கடைக்கு வரும், எல்லாரையும் போல வாங்கிப் படிச்சிக்கோங்க."

அது தண்டனையா மரியாதையா என்று தெரியாமலே படியிறங்கி வந்தாள். வீட்டில் பாப்பா ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவனிடம் கேட்டாள்.

"அந்த நாப்பது நாள் இங்க என்னென்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவன் தலையைச் சொறிந்தான். "எனக்கென்ன தெரியும்? பாதி நாள் நான் உங்கூட ஆஸ்பத்திரியில இருந்தேன். அவளைத்தான் கேக்கணும்."