பழைய ஒயர்

வேன்தான் எங்கள் வீடு. நான், மனைவி, ஆறு வயது மகள். கூரையில் இருந்த இரண்டு சோலார் பேனல்களை நான்காக்கி, பழைய பேட்டரியைத் தூக்கிவிட்டு லித்தியம் பேட்டரி வைத்தவன் நானேதான். இருபது வருஷம் லாரிகளுக்கு ஒயரிங் பார்த்தவன் என்ற திமிர். எல்லாவற்றையும் மாற்றினேன், கூரையிலிருந்து மகளின் கட்டிலுக்கு அடியில் வரும் ஒயரைத் தவிர. அதை எடுக்கக் கட்டிலையே பிரிக்க வேண்டும். அன்றைக்கு இடுப்பு வலி வேறு. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மாட்டிய அன்றே, கொஞ்சம் வெயில் வந்ததும் ஃபியூஸ் போனது. இந்த ஒயர் இவ்வளவு கரண்டைத் தாங்காது என்று அது சொன்னது. நான் பெரிய ஃபியூஸாகப் போட்டு அதன் வாயை அடைத்தேன்.

"ஒயரையும் மாத்திட்டீங்கல்ல?" என்றாள் மனைவி.

"எனக்கே பாடம் எடுக்கறியா? எல்லாம் மாத்தியாச்சு."

பிறகு மூன்று நாள் மூட்டம். பேட்டரி காலி. மகளுக்குக் காய்ச்சல். நாலாம் நாள் காலை சுள்ளென்று வெயில். சார்ஜ் மீட்டரில் எண் ஏற ஏற எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்பா, மெத்தை சுடுது" என்றாள் மகள்.

"மெத்தை இல்லடா கண்ணு, உனக்குத்தான் சுடுது" என்று சொல்லிவிட்டு, கேனோடு தண்ணீர் பிடிக்கப் போனேன். குழாய், நாங்கள் வேனை நிறுத்தியிருந்த மைதானத்தின் மறுகோடியில் இருந்தது.

கேன் பாதி நிறைந்தபோது மனைவி போன் செய்தாள். "காய்ச்சல் காலையிலேயே விட்டுடுச்சுங்க. அசந்து தூங்கறா. நான் கதவைப் பூட்டிட்டுப் போய்க் குளிச்சிட்டு வந்துடறேன்."

நல்ல சேதிதான். சிரித்துக்கொண்டே போனைப் பையில் போட்டேன். அப்புறம்தான் உறைத்தது. காலையிலேயே காய்ச்சல் இல்லையென்றால், சுட்டது எது?

திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. கேனை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். தலைக்கு மேலே ஒரு மேகம்கூட இல்லை. காலிப் பேட்டரி கிடைப்பதையெல்லாம் குடிக்கும். ஒரு மேகம் வரக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டேன்.

வேனை நெருங்கும்போதே பிளாஸ்டிக் பொசுங்கும் நாற்றம். கதவு பூட்டியிருந்தது. மகளைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. கல்லால் ஜன்னலை உடைத்து உள்ளே விழுந்தேன். ஒரே புகை. ஃபியூஸைப் பிடுங்கினேன். மெத்தையின் ஓரம் கருகிக்கொண்டிருந்தது. போர்வையை இரண்டு கையாலும் துழாவினேன். அவள் அங்கே இல்லை. கட்டிலுக்கு அடியில், மேஜைக்கு அடியில், எங்கேயும் இல்லை.

"ஐயோ, என்னாச்சு?"

வாசலில் மனைவி, ஈரத் தலையோடு. இடுப்பில் மகள். "கிளம்பறப்போ முழிச்சுக்கிட்டா. படுக்கவே மாட்டேன்னு ஒரே அழுகை, அதான் கூட்டிட்டுப் போனேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"நான் சொன்னேன்ல அப்பா?" என்றாள் மகள். "மெத்தைக்குத்தான் காய்ச்சல்."

மனைவி கருகிய ஒயரைப் பார்த்தாள். பழைய ஒயர் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒயரிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கத்துவாள் என்று காத்திருந்தேன். மகளைத் தூக்க நான் கை நீட்டியபோது, மனைவி அவளோடு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.