பன்னிரண்டு டிகிரி

"பதினெட்டு டிகிரியாவது வை அக்கா, கைக்குழந்தை—"

"பன்னிரண்டு. அதுக்கு மேல ஒரு புள்ளி கிடையாது."

"—பொறந்து ரெண்டே மாசம், அது தலையில தண்ணி ஊத்தப் போறோம்! வெளியில மைனஸ் இருபத்துநாலு!"

"வெந்நீர் தரேன். கத்தாதே, உன் மூச்சுக்காத்தே போய் சுவத்துல படியுது."

ஐவின்ட் வாயை மூடிக்கொண்டான். பேசியதெல்லாம் வெள்ளைப் புகையாக அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. சனிக்கிழமை நண்பகல். மறுநாள் அவன் மகள் டூராவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். அந்த மரத் தேவாலயத்தின் சாவி இருபத்தாறு வருடமாக அக்கா சிக்னேயின் இடுப்பில்தான் இருக்கிறது.

"அந்த மேல்மாடப் பலகையில வரைஞ்சு நிக்கிற பன்னிரண்டு சீடருக்காக என் பேத்தி நடுங்கணுமா? அவங்களுக்கு ஆளுக்கொரு கம்பளி மாட்டிவிடேன்."

"குளிர்காத்துல ஈரமே இல்லடா. அதைச் சுடவெச்சா மரத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். மரம் சுருங்கும். மேல பூசின சாயமும் கூடவே சுருங்குமா? உரிஞ்சு விழும்."

"கிறிஸ்துமஸுக்குச் சூடு வெச்சியே, அப்ப விழலையா?"

சிக்னே தூணில் ஆணியடித்துத் தொங்கும் சின்ன வெள்ளைப் பெட்டியைப் பார்த்தாள். சூட்டையும் ஈரப்பதத்தையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்துகொள்ளும் பெட்டி.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம், அம்மாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துவந்தார்கள். தொண்ணூற்றிரண்டு வயது. இதுதான் கடைசி வருடம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சிக்னே பெஞ்சுகளுக்கு அடியில் ஓடும் சூட்டுக் குழாய்களைக் காலையிலேயே முழுதாகத் திருகிவிட்டிருந்தாள். இருபத்தொரு டிகிரி. பெட்டியைக் கழற்றிப் பாதிரியார் அங்கி மாற்றும் அறையில் மாட்டினாள்; அந்த அறை எப்போதும் பன்னிரண்டிலேயே இருக்கும். இரண்டு நாள் கழித்துப் பெருக்கும்போது தரையில் நீலச் செதில்கள் கிடந்தன. நிமிர்ந்து பார்த்தால் சீடர் பிலிப்புவின் தோளில் சாயம் போய் வெறும் பலகை. செதில்களை இறகால் கூட்டித் தீப்பெட்டியில் போட்டாள். அது இப்போதும் அவள் கோட்டுப் பைக்குள் இருக்கிறது.

"வெறும் ஆணியை அன்னிக்கே பார்த்தேன்க்கா. யார்கிட்டயும் வாயைத் திறக்கல."

"திறக்காம இருந்ததுக்கு இதுதான் கூலியா?"

"கூலியெல்லாம் கேக்கல. அம்மாவுக்குன்னா பெட்டி நடந்து போகும், என் பேத்திக்குன்னா காலில்லையா? அம்மா இன்னும் அந்த நாளைப் பத்தியேதான் பேசிட்டிருக்கா."

"திங்கக்கிழமை நகரத்துலேருந்து ஹால்வர் வரார்டா, ஓவியம் பழுது பாக்கிறவர். ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு முகமாப் பார்ப்பார். தோள் போனது ஏன்னு கேட்டா, பெட்டியில எல்லாம் சரியாத்தான் பதிஞ்சிருக்கு, மரம் பழசுன்னு சொல்லலாம்னு இருந்தேன். நாளைக்கு இன்னொருத்தர் முகம் போனா என்ன சொல்வேன்? உண்மையைச் சொன்னா சாவி போச்சு. சொல்லாட்டி, மரம் எதனால காஞ்சதுன்னே தெரியாம தப்பா மருந்து போடுவார், மிச்சப் பேரும் உதிர்வாங்க."

ஐவின்ட் தொப்பியைக் கழற்றினான், குளிர் தாங்காமல் உடனே மாட்டிக்கொண்டான்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"உன் வாய் மூடினாத்தானே!"

அவன் சிரித்துவிட்டான். "சரி. பன்னிரண்டு. ரெண்டே பாட்டு, அதுவும் சின்னதா. ஞானஸ்நான அங்கிக்குள்ள ஆட்டுத்தோல் சுத்திடலாம். டூராகிட்ட நான் பேசிக்கிறேன்."

சிக்னேவுக்கு மூச்சு வந்தது. பைக்குள் தீப்பெட்டியை அழுத்திக்கொண்டாள். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் ஏதாவது யோசிக்கலாம்.

கதவு முனகித் திறந்தது. குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு டூரா வந்தாள். அவள் பின்னால் மடக்கு ஏணியும் பெட்டியுமாக நெட்டையாக ஒரு மனிதர் குனிந்து நுழைந்தார். ஹால்வர்.

"பஸ் நிறுத்தத்துல நின்னுட்டிருந்தார், கார்ல ஏத்திட்டு வந்தேன் அத்தை. ரெண்டு நாள் முன்னாடியே வேலையை ஆரம்பிக்கலாம்னு வந்தாராம்," என்றாள் டூரா. "அப்பா, ஏன் முகம் இப்படி இருக்கு?"

ஹால்வர் வணக்கம் சொல்லியபடியே தலையைத் தூக்கி மேல்மாடத்தைப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று அவர் கண் நகர்ந்தது. பிலிப்புவிடம் நின்றது.

டூரா குழந்தையின் விரல்களை ஊதிச் சூடாக்கினாள். "அத்தை, 'கிறிஸ்துமஸுக்கு என் பொண்ணு வெச்ச சூட்டுல உள்ள கையுறையையே கழட்டி வெச்சுட்டேன்'னு பாட்டி வழியெல்லாம் இவர்கிட்ட போன்ல சொல்லிட்டே இருந்தாங்க. நாளைக்கும் அப்படியே வெச்சிடறீங்களா?"