இடுப்பில் வந்த படர்தாமரை

பிள்ளை மடுவத்து வேலைக்கு லீலாதேவியின் பேர் அடிபட்டபோது லயக் குடியிருப்பில் பாதிப் பேர் சந்தோஷப்பட்டார்கள், மீதிப் பேர் வயிறெரிந்தார்கள். இரண்டும் நியாயம்தான். ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்திமூன்று வருசம் கொழுந்து எடுத்தவள் அவள். முழங்கால் இரண்டும் எப்போதோ கை விரித்துவிட்டன. இனி மலை ஏற வேண்டாம், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைக் கூரைக்குக் கீழே இருந்து பார்த்துக்கொண்டால் போதும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? மூன்று மாதம் பார்ப்போம், சரியாக வந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அதில் இரண்டரை மாதம் ஓடிவிட்டது.

அவளுக்கு இருந்த ஒரே பயம் இடுப்பில் இருந்தது. கொழுந்து எடுக்கிற பெண்கள் செடியின் ஈரம் சேலையில் ஏறாமல் இருக்க இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டுவார்கள். கனத்த பிளாஸ்டிக் விரிப்பு அது. மழையை வெளியே நிறுத்துகிறதோ இல்லையோ, வேர்வையை உள்ளே நன்றாகப் பூட்டி வைக்கும். எட்டு மணி நேரம் அதில் ஊறிய இடுப்பில் போன வருசம் இரண்டு ரூபாய்க் காசளவில் ஒரு வட்டம் சிவந்து கிளம்பியது. ஓரம் தடித்து, நடு வெளிறி, வட்டத்துக்குப் பக்கத்தில் வட்டமாகப் பெருகி, கடைசியில் ஒட்டியாணம் போட்ட மாதிரி சுற்றி வந்துவிட்டது. அவள் கல்யாணத்துக்குக்கூட யாரும் ஒட்டியாணம் போடவில்லை.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பாக்கியலெட்சுமிக்கு மட்டும் அதைக் காட்டினாள். பாக்கியலெட்சுமி வண்டுகொல்லி இலையை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, பதுளையில் வாங்கிய வேப்பெண்ணெயை அதில் கலந்து ஒரு போத்தலில் ஊற்றித் தந்தாள்.

"விடாமப் பூசிக்கிட்டு வா புள்ள. பத்து நாள்ல உதிந்து போயிரும்."

பத்து நாளில் அரிப்பு அடங்கியது உண்மை. அரிப்பு அடங்கினால் நோய் போய்விட்டது என்று நினைக்காத மனுசர் யார்? பதினைந்தாம் நாள் மழை பெய்தது, படங்கு நனைந்தது, வட்டம் மறுபடி கண்ணைத் திறந்தது. மறுபடி எண்ணெய், மறுபடி பத்து நாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பவர் ஆம்பிளை, அவர் முன்னால் எப்படி அவிழ்த்துக் காட்டுவது? டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வேலை போய்விடும். உடம்பு அலுத்துப்போனவளிடம் எண்ணெயே போதும் என்று யாராவது சொன்னால், அதை நம்பிவிடுவதுதான் லேசு. லீலாதேவியும் நம்பினாள்.

மடுவத்தில் சேர்ந்த முதல் வாரம், தொட்டில் சேலைகள் கிழிந்து கிடந்தன. பழைய சேலை இருந்தால் யாராவது கொடுங்கள் என்று மடுவத்துப் பொறுப்பாளர் சுலோஜனா டீச்சர் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், ஆனால் பிள்ளைகள் மேல் உயிர். நல்ல பேர் எடுக்க இதைவிட நேரம் ஏது? மலைக்குக் கட்டிக் கட்டிப் பஞ்சாகிப்போன தன் நூல் சேலைகளில் நாலைக் கொண்டுவந்து கொடுத்தாள் லீலாதேவி. அடித்துத் துவைத்துத்தான் கொடுத்தாள். ஐப்பசி மழையில் வெயிலுக்கு எங்கே போவது? அடுப்புக்கு மேலே கொடி கட்டி, புகையிலே உலர்த்தினாள். அந்தத் தொட்டில்களில் பிள்ளைகள் சிணுங்காமல் தூங்கின. தாய்மார் மெச்சினார்கள், அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போன வியாழக்கிழமை காலை யசோதினியின் பத்து மாதப் பெண் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அவள் கை அப்படியே நின்றது. பிள்ளையின் தொடையில், மடிப்புக்குக் கீழே, ஒரு சிவந்த வட்டம். ஓரம் தடித்து, நடு வெளிறி. வேறு யாராவது பார்த்திருந்தால் எறும்புக் கடி என்று விட்டிருப்பார்கள். லீலாதேவிக்கு அது என்னவென்று தெரியும். அந்தப் பிள்ளை தினமும் தூங்கும் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கொடுத்த நீலச் சேலை.

பகல் பால் கொடுக்க யசோதினி மலையிலிருந்து ஓடி வந்தாள். பிள்ளையை மடியில் போட்டதும் அவளும் கண்டுவிட்டாள்.

"அக்கா, தொடையில என்னமோ வட்டமாக் கெடக்கே. பாக்கியம் அக்கா எண்ணெ காச்சுறாங்களாமே, கொஞ்சம் வாங்கித் தாங்களேன், தடவிருவோம்."

சரி என்று சொன்னால் போதும். எண்ணெய் பூசுவார்கள், அரிப்பு அடங்கும், பிள்ளை அழாது, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இன்னும் இரண்டே வாரத்தில் வேலை நிரந்தரம். சரி என்ற சொல் நாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் ஒரு வருசமாகத் தான் சொறிந்த சொறியை இந்தப் பிஞ்சு எந்த நகத்தால் சொறியும் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

"எண்ணெ வேணாம்டி. அது அரிப்பத்தான் அடக்குது. நா ஒரு வருசமாப் பூசுறேன், எனக்குப் போகல."

"ஒங்களுக்கா?"

லீலாதேவி எழுந்து சுலோஜனாவின் மேசைக்கே போய்விட்டாள்.

"டீச்சர், யசோதினி புள்ளைக்குப் படர்தாமரை வந்திருக்குங்க. எனக்கு இடுப்புல இருக்கு. அந்தத் தொட்டில் சேலை என்னோடது. புள்ளைய டாக்டர்கிட்டக் காட்டணும்."

சுலோஜனா சத்தம் போடவில்லை. நாலு சேலைகளையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து ஒரு பையில் போட்டுக் கட்டினார்.

"ஏன் இதை முதலே சொல்லேல்லை? சின்னப் பிள்ளையளோட வேலை செய்யிற இடமெல்லோ இது. நோய் மாறுமட்டும் நீங்கள் வரேலாது, லீலாதேவி. அதுவரைக்கும் இந்த இடத்தை வெறுமையா வச்சிருக்கவும் ஏலாது."

"ஆமாங்க டீச்சர்" என்றாள் லீலாதேவி. இருபத்திமூன்று வருசத்துக்குப் பிறகு கிடைத்த கூரை இரண்டரை மாதத்தில் போய்விட்டது. கால்கள் அப்போதே வலிக்கத் தொடங்கின.

யசோதினி அரை நாள் லீவு சொன்னாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடிக்கப் பெரிய ரோட்டுக்கு இறங்கினார்கள். யசோதினி திட்டட்டும், ஒரேயடியாகத் திட்டித் தீர்த்துவிடட்டும் என்று லீலாதேவி காத்திருந்தாள். பஸ் தரிப்பிடத்தில் நின்று பிள்ளையைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றிய பிறகுதான் யசோதினி பேசினாள்.

"அக்கா... எனக்கும் இருக்கு. படங்கு கட்டுற எடத்துலதான். ஆறு மாசமா."

லீலாதேவி அவளையும், அவள் இடுப்பில் இருந்த பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். கழுத்து நின்றதிலிருந்து அந்தப் பிள்ளை உட்காரும் இடம் அதுதான்.

"அப்ப டீச்சர்கிட்ட நா சொன்னப்பவே வாயத் தொறந்திருக்கலாமேடி!"

"வெக்கமா இருந்துச்சுக்கா. நீங்க மட்டும் சொன்னீங்களா? மடுவத்துக்குப் போற வரைக்கும் மலையில பக்கத்துப் பக்கத்து நெரையிலதானே நின்னோம்."

கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. வளைவில் பஸ் ஹாரன் அடிக்கும் சத்தம் கேட்டது.

"சரி விடு" என்றாள் லீலாதேவி. "திங்கக்கெழம திரும்ப ஓம் பக்கத்து நெரைக்குத்தான் வரப் போறேன். இன்னைக்கி டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் சேந்தே உள்ள போவோம். தனியாப் போயி அவுத்துக் காட்ட எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு."